நீ என்ன செய்யப்போறே?

நம் ஊரில் ‘மாஸ்டர்’ என்றால் பெரும்பாலும் ஆண்தான். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தையல் மாஸ்டர், சிலம்ப மாஸ்டர். வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு முறை டீ போடும் பெண்ணை யாரும் டீ மாஸ்டர் என்று சொல்வதில்லை. தமிழ்த் திரைப்பட நடன உலகில் மட்டும் கலா மாஸ்டர், பிருந்தா மாஸ்டர் என்று அந்தச் சொல் பெண்களின் பெயருக்குப் பின்னால் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை நான் ‘கேம் மாஸ்டர்’ என்று சொல்லிக்கொள்ளும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆட்ட நடத்துநர், கதை நடத்துநர் என்றெல்லாம் மொழிபெயர்த்துப் பார்த்தேன். தமிழ் நடத்துகிறவளுக்கு அது கடமையும்கூட. ஆனாலும் மாஸ்டர் என்ற சொல்லில் இருக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ‘ரோல்பிளேயிங்’ ஆட்டங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் கூடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன பேசுகிறது, எங்கே போகிறது என்பதை அவரே சொல்வார். மழை, ஆறு, சுங்கக்காரன், கள்வர் கூட்டம், குறுக்கே வரும் நாய் என்று மற்றதெல்லாம் கேம் மாஸ்டரின் பொறுப்பு. அவர் ஒரு நிலைமையை விவரித்துவிட்டு, “நீ என்ன செய்யப்போறே?” என்று கேட்பார். என்ன ஆகும் என்று உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். மேடையும் இல்லை, பார்வையாளர்களும் இல்லை. வென்றவர் தோற்றவர் என்ற கணக்கும் இல்லை. ஓர் அமர்வு மூன்று நான்கு மணிநேரம் ஓடும். கதை மாதக்கணக்கில் தொடரும்.

இந்த ஆட்டவகையின் முதல் நூலான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது அது. அந்த மேசைகளில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். 1978இல் வந்த அதன் விரிவான விதிநூல், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பை வைத்தது. டிராகன் தீயைக் கக்கலாம், மந்திரவாதி வானில் பறக்கலாம். ஆணுக்கு நிகராகப் பளு தூக்கும் பெண் மட்டும் அந்தக் கற்பனைக்குள் அடங்கவில்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்த விதி போனது. அந்த நிறுவனத்தின் முதல் பெண் வடிவமைப்பாளர் ஜீன் வெல்ஸ். அவர் எழுதிய ‘பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்’ 1981இல் அச்சாகி வந்த வேகத்தில் திரும்பப் பெறப்பட்டது. பிறகு டாம் மோல்ட்வே என்பவர் திருத்தி எழுதிய வடிவமே கடைக்குப் போனது. ஆனாலும் பெண்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்ற பெண் 1975இல் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ இதழ், இந்த ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் விவாதிக்கும் களமாகப் பல பத்தாண்டுகள் நடந்தது.

எங்கள் மேசையில் ஐந்து பெண்கள். என் துறைத் தோழி, முதுகலை முடித்த ஒரு மாணவி, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தோழி, என் தங்கை மகள். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூடுவோம். எல்ஃப், ட்ராகன் எதுவும் எங்கள் கதையில் இல்லை. உப்பு வண்டிகளோடு உள்நாட்டுக்குப் போகும் உமணர் கூட்டம்தான் கதை. பெரும்பாணாற்றுப்படையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி உப்பு வண்டியின் மாடுகளை ஓட்டிப் போகிறாள். அவளிடமிருந்துதான் தொடங்கினேன். சங்க இலக்கியம் படித்தவளுக்கு இந்த ஆட்டத்துக்கான தயாரிப்பு ஓரளவு எளிது. கதையை முன்கூட்டி எழுதி வைத்தால் ஆடுகிறவர்கள் அரைமணி நேரத்தில் அதைக் கலைத்துவிடுவார்கள். நிலம், பொழுது, நீர், மரம், விலங்கு, அங்கே இருப்பவர்களின் தொழில், அவர்களின் பசி ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். முதற்பொருளும் கருப்பொருளும் என் வேலை. உரிப்பொருள் அவர்களிடமிருந்து வர வேண்டும்.

விதிகளை மெகுவே பேக்கரும் வின்சென்ட் பேக்கரும் உருவாக்கிய ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டு சாதாரண அறுமுகப் பகடைகள் போதும். பரமபதப் பெட்டியில் இருந்தவற்றையே எடுத்துக்கொண்டோம். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் சிக்கல். 7 முதல் 9 வரை வந்தால் நினைத்தது கிடைக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கணக்குப் பார்த்தால் 36இல் 15 முறை இந்த நடு விளைவுதான் விழும். முழு வெற்றி 6 முறைதான். இதை விளக்கியபோது வங்கித் தோழி சொன்னார்: “நடுவுல இருக்கறதை விளக்கவே வேண்டாம் மேடம். அது எங்களுக்குத் தெரியும்.”

நாங்கள் முதலில் சந்தித்த தடை பகடையிலிருந்து வரவில்லை. முதல் அமர்வில், வண்டிகள் சுங்கச்சாவடியில் நிற்கின்றன, காவலன் மூட்டைகளை எண்ணுகிறான் என்று சொல்லிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அமைதி. பிறகு மாணவி கேட்டாள்: “அவன்கிட்டப் பேசலாமாம்மா?” தங்கை மகள்: “பெரியம்மா, நான் என்ன செய்யணும்?” தமிழ்த் துறைகளில் பெண் ஆசிரியரை அம்மா என்று அழைப்பது வழக்கம். ஆக மேசையில் ஒருத்திக்கு நான் அம்மா, இன்னொருத்திக்குப் பெரியம்மா, அக்காவுக்கு டீச்சர். மூன்று முறைப்பெயரும் அனுமதி கேட்கப்படும் இடங்கள். ‘செய்யலாமா’, ‘செய்யணுமா’ என்பதிலிருந்து ‘செய்யறேன்’ என்பதற்கு வர எங்களுக்கு நான்கு அமர்வுகள் ஆயின. அதுவரை என் முக்கிய வேலை, கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. ஆசிரியர்கள் கேள்வியையும் கேட்டு, மூன்று நொடியில் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறவர்கள். ஒரு பெண்ணிடம் ‘நீ என்ன செய்யப்போறே?’ என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்காக ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருப்பது எவ்வளவு அரிது என்பது அந்த மேசையில்தான் புரிந்தது. கல்யாணம், வேலை, பிள்ளை என்று எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி பதிலோடு சேர்ந்தேதான் வந்திருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. வண்டிகள் எங்கே நின்றாலும் ஐவரில் ஒருத்தி, “நான் முதல்ல உலை வைக்கறேன்” என்று சொல்லிவிடுவாள். கள்வர் வரக்கூடிய காட்டிலும் உலை, வெள்ளம் வரும் கரையிலும் உலை. நான் யாரையும் சமைக்கச் சொல்லவில்லை, விதியிலும் அது இல்லை. மூன்றாவது முறை துறைத் தோழி சிரித்துக்கொண்டே, “நாம எங்க போனாலும் அடுப்பும் கூடவே வருது பார்த்தீங்களா?” என்றார். அன்றிலிருந்து சமைப்பதற்கும் பகடை உருட்ட வேண்டும் என்று ஆக்கினோம். உலை வைப்பதும் ஒரு செயல், அதற்கும் ஆபத்து உண்டு, புகை கண்டு ஆட்கள் வரலாம். உடனே இரண்டு பேர் காவலுக்குப் போனார்கள். மேசைக்கு வெளியிலும் ஒரு விதி வைத்தோம். அமர்வு நாளில் யாரும் வீட்டிலிருந்து எதுவும் செய்து கொண்டுவரக் கூடாது. வடை கடையில் வாங்கிக்கொள்வோம்.

இந்த ஆட்டத்தைத் தமிழில் நடத்துவதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரசனும் அடிமையும் பேசிக்கொள்ளலாம். தமிழில் ஊர்த்தலைவன் ஒருவன் உப்பு விற்கும் பெண்ணைப் பார்த்து வாயைத் திறந்தால், ‘வா’வா ‘வாங்க’வா, ‘என்னம்மா’வா ‘ஏ புள்ள’யா என்று அந்த நொடியில் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஓர் அசையில் சாதி, வயது, பால், சொத்து எல்லாம் வந்துவிடும். எல்லோரும் எல்லோரையும் ‘வாங்க’ என்று அழைக்கும் உலகத்தைச் செய்தால் அது பொய். நிஜத்தில் இருக்கிறபடி அழைத்தால், வாரம் முழுக்க அதைக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை விளையாட வந்தவளுக்கு அதையே மறுபடியும் பரிமாறுவதாக ஆகும்.

இதற்கு இந்த ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த சில கருவிகள் உண்டு. முதல் அமர்வுக்கு முன்பே ஒரு ‘பூஜ்ய அமர்வு’ வைத்து, கதைக்குள் வரவே கூடாதது எது, வந்தாலும் திரைக்குப் பின்னால் மட்டும் வர வேண்டியது எது என்று பேசி எழுதிக்கொள்வது ஒன்று. ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் அட்டை’ இன்னொன்று. பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. எங்கள் பட்டியலில் பாலியல் வன்முறை வேண்டாம், குழந்தை சாவது வேண்டாம், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது வேண்டாம் என்பவை முதலில் வந்தன. பிறகு வங்கித் தோழி, “மாமியார் வேண்டாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மாமியார் என்று எழுதி அடிக்கோடிட்டேன். எங்கள் உமணர் கூட்டத்தில் மூன்று ஆண்டுகளாக மாமியார் கிடையாது. சங்க இலக்கிய அறிஞர் யாராவது ஆட்சேபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏன் என்று கேட்காத இடம் ஒன்று இருப்பது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்து வருவது எப்போதும் ‘ஏன்’தான். அந்த ஏனுக்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் நம் வேண்டாமை செல்லுமா செல்லாதா என்று முடிவெடுக்கிறார்கள்.

ஆண்கள் உள்ள மேசையில் சிரமம் வேறு விதம். பெருநகரம் ஒன்றில் வார இறுதிச் சந்திப்பில் ஆட்டம் நடத்த அழைத்திருந்தார்கள். மேசையில் நான்கு ஆண்கள், ஒரு பெண். நான் ஒரு முடிவு சொல்லும்போதெல்லாம் அவர்களில் ஒருவர், என் அருகில் உதவிக்கு இருந்த இளைஞனைப் பார்த்து, “அப்படியா ப்ரோ?” என்று உறுதிசெய்துகொண்டார். அந்தப் பையனோ அன்றுதான் முதல் முறையாக விதிகளையே பார்க்கிறான். நான் குரலை உயர்த்தவில்லை. “இந்த மேசையில முடிவு என்னோடது. விவாதம் ஆட்டம் முடிஞ்சப்புறம்” என்றேன். ‘உங்க முடிவு தப்புன்னு சொல்லலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்’ என்ற நமக்கெல்லாம் பழகிய பதில் வந்தது. “நீங்க என்ன செய்யப்போறீங்க?” என்று அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன். ஆட்டம் ஓடியது.

அந்தக் குரல் எனக்கு வகுப்பறையிலேயே பழகிவிட்டது. பழக நாள் பிடித்தது அதற்கு நேரெதிரானது. ஓர் அமர்வில் எங்கள் வண்டிகள் ஆற்றைக் கடந்தன. செவிலியர் அக்காவின் பகடை 2, 1 என்று விழுந்தது. மூன்று. முன்வண்டியின் இடப்பக்கத்து மாடு வெள்ளத்தோடு போக வேண்டும். இரண்டு ஆண்டுகளாகப் பெயர் வைத்து வளர்த்த மாடு. மேசையே என்னைப் பார்த்தது. “விட்டுருங்கம்மா” என்றாள் மாணவி. விட்டுவிடலாம்தான். கேம் மாஸ்டர் நினைத்தால் ஆறு வற்றிவிடும். எனக்கு முன்னால் அக்காவே பேசினார்: “போனதைப் போனதுன்னு சொல்லணும் டீச்சர். இல்லேன்னா அடுத்தது பொழைச்சாலும் அதை யாரும் நம்ப மாட்டாங்க.” மாடு போனது. பதினைந்து நிமிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த ஆற்றில் அக்கா இரண்டு நாள் காத்திருந்து மூங்கில் வெட்டித் தெப்பம் கட்டினார். அந்தத் தெப்பத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அந்த மாடு போனதால்.

பெண்களுக்குத் தெரிந்த அதிகாரம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நம்மை ஆணையிடுவது. இன்னொன்று ‘உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது’ என்று நம்மைப் பொத்தி வைப்பது. முதலாவதை எதிர்க்கக் கற்றிருக்கிறோம். இரண்டாவது அன்பின் குரலில் வருவதால் அதை நாமே எடுத்து அடுத்தவள் மேல் போர்த்திவிடுகிறோம். இரண்டும் கடைசியில் ஒன்றைத்தான் செய்கின்றன. அவள் முடிவை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. கேம் மாஸ்டர் நாற்காலி கேட்பது மூன்றாவதாக ஒன்றை. உலகத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆபத்தை மறைக்கக் கூடாது. பிறகு அவள் தேர்வு என்னவானாலும் அதன் விளைவை நேர்மையாகக் கொடுக்க வேண்டும். அவ்வையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், உமணர் தம் வண்டிக்குக் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். முறியும் என்று தெரிந்தேதான் கட்டுகிறார்கள். நான் செய்யக்கூடியதும் அவ்வளவுதான். வழியை மேடுபள்ளம் இல்லாமல் ஆக்க முடியாது, கூடாது. சேம அச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தால்தான். இந்த ஆட்ட உலகத்தில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு: எல்லா அரக்கர்களிலும் கொடிய அரக்கன் காலண்டர். எங்களுக்கு அது நகைச்சுவையாகவே படவில்லை. முதல் ஆண்டு திட்டமிட்ட 12 அமர்வுகளில் நடந்தவை 7. விடைத்தாள் திருத்தல், குலதெய்வக் கோயில், பிள்ளைக்குக் காய்ச்சல், விருந்தாளிகள். மாணவி இருந்த விடுதி மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். எனவே எங்கள் கதையின் இறுதிப் போர்களெல்லாம் ஐந்தரைக்குள் முடிந்தாக வேண்டும். சீட்டாடவோ கிரிக்கெட் ஆடவோ போகும் நாற்பது வயது ஆண், ‘விளையாடப் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். நாற்பது வயதுப் பெண் அந்தச் சொல்லைத் தன் வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். வங்கித் தோழி தன் வீட்டில் ‘புத்தக வாசிப்புக் கூட்டம்’ என்றுதான் சொல்லியிருந்தார். வயதுக்கு வந்ததும் தெருவிளையாட்டு நிற்கிறது. பிறகு திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் மிஞ்சும். அப்புறம் அதற்கும் பொழுதில்லை. நம் ஊர் கூத்தும் திரும்பத் திரும்பச் சொல்லும் சூதாட்டக் கதையில் பெண் ஆடுவதில்லை, அவள் பணயப் பொருள். ஒரு பெண் பகடையைத் தன் கையில் எடுத்து உருட்டுவதையே நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கேம் மாஸ்டர் வேலையும் இன்னொரு வீட்டுவேலையாக ஆகிவிடக்கூடியது. நாள் குறிப்பது, நினைவூட்டுவது, எல்லோர் முகத்தையும் பார்த்து யார் சோர்ந்திருக்கிறார்கள், யார் பேசவே இல்லை என்று கவனிப்பது. பிரித்துக்கொண்டோம். வரைபடம் தங்கை மகளிடம், உப்புக் கணக்கு துறைத் தோழியிடம், நாள் குறிப்பது அக்காவிடம். கேம் மாஸ்டரே இல்லாமல் ஆடும் ஆட்டங்களும் உண்டு. ஏவரி ஆல்டரின் ‘த குவயட் இயர்’ அப்படிப்பட்டது. சீட்டுக்கட்டை வைத்து, எல்லோரும் சேர்ந்து ஓர் ஊரின் ஓராண்டை ஒரே வரைபடத்தில் வரைவார்கள். அதையும் ஆடினோம், பிடித்திருந்தது. ஆனால் மாணவி, “எனக்கு அந்த நாற்காலியில உட்காரணும்மா” என்றாள். நாற்காலியே வேண்டாம் என்று சொல்ல, அதில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான் எளிது. அவள் இரண்டு அமர்வுகள் நடத்திவிட்டாள். என்னைவிடக் கறாரானவள்.

வங்கித் தோழி வந்து ஐந்து மாதம் ஆகிறது. “வீட்ல கொஞ்சம் சிக்கல், அப்புறம் சொல்றேன்” என்று ஒரு செய்தி வந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவருடைய பாத்திரம் மின்னி, கூட்டத்தில் விலை பேசுகிறவள். ஆடுகிறவர் வராதபோது பாத்திரத்தை என்ன செய்வது என்பது எல்லா மேசைகளிலும் வரும் சிக்கல். வேறொருவர் எடுத்து ஆடலாம், காய்ச்சலில் படுக்க வைக்கலாம், நல்லபடியாக ஓர் ஊரில் குடியமர்த்திவிடலாம், கொன்றும் விடலாம். அந்த அதிகாரமெல்லாம் எனக்கு உண்டு. மின்னிக்கு நல்ல முடிவாக ஒன்று தரலாமே என்று தங்கை மகள் கேட்டாள்.

தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் வேறுபாடு இல்லை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். ‘வந்தேன்’ என்பதில் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. மற்றவர்கள் நம்மைப் பற்றிப் பேசும்போதுதான் நாம் ‘வந்தாள்’ ஆகிறோம். மின்னி எங்கே போகிறாள், என்ன ஆனாள் என்று நான் சொல்லத் தொடங்கினால் அவள் படர்க்கைக்குப் போய்விடுவாள். அவளுக்காக ‘நான்’ என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். எனவே மின்னியின் வண்டி கூட்டத்தின் கடைசியில் வருகிறது. அதன் மேல் பதினோரு மூட்டை உப்பு இருக்கிறது. மழை பெய்தால் யாராவது ஓலை போட்டு மூடுகிறார்கள். விலை பேச வேண்டிய இடத்தில் இப்போதெல்லாம் நஷ்டம்தான்.